பழைய காருக்கு இன்சூரன்ஸ் எடுக்கப் போறீங்களா? டர்பன்ல பட்டுத் தெரிஞ்சுகிட்டது

எங்க மாமனாரோட கார் 1983 மெர்சிடிஸ் 230ஈ, ஈஸ்ட் லண்டன் ஃபேக்டரியில அசெம்பிள் ஆன டபிள்யூ123 மாடல். அஞ்சு வருஷம் முன்னாடி சாட்ஸ்வொர்த்ல ஒரு ரோபாட்ல சிவப்பு விழுந்து நின்னுட்டிருக்கோம், பின்னாடி இருந்து ஒரு பாக்கி வந்து டமார்னு இடிச்சுது. (ஊர்ல இருந்து புதுசா வந்தவங்களுக்கு: ரோபாட்னா சிக்னல் லைட், பாக்கின்னா பின்னாடி தொட்டி வச்ச சின்ன லோடு வண்டி.) டிக்கி உள்ள போயிடுச்சு, க்ரோம் பம்பர் வளைஞ்சிடுச்சு. பேனல் பீட்டர், அதான் பாடி டிங்கரிங் பண்றவர், 74,000 ராண்ட் கொட்டேஷன் கொடுத்தார். இன்சூரன்ஸ் கம்பெனி என்ன சொல்லுச்சு தெரியுமா, உங்க காரோட மதிப்பே 65,000 தான், ரிப்பேர் செலவு அதை விட ஜாஸ்தி, அதனால ரைட் ஆஃப் (ரிப்பேர் பண்ண கட்டுபடியாகாதுன்னு கணக்கு முடிக்கிறது), எக்ஸஸ் (கிளைம்ல நம்ம பங்கா கழிக்கிற தொகை) 7,500 கழிச்சு 57,500 தர்றோம். அந்தக் கண்டிஷன்ல அதே மாதிரி இன்னொரு கார் வாங்க அப்பவே ஒன்றரை லட்சம் வேணும். இடிச்ச ஆள்கிட்ட இன்சூரன்ஸே இல்ல. மாமனார் பதினஞ்சு வருஷமா ஒரு மாசம் விடாம பிரீமியம் கட்டினவர், கடைசி வரைக்கும் "என் காரோட விலையை இவங்க எப்படி சொல்லலாம்"னு அதையேதான் கேட்டுட்டிருந்தார்.

அந்தக் கேள்விக்கு பதில் பாலிசியிலேயே இருந்துச்சு, நாங்கதான் படிக்கல. அதுக்கப்புறம் ஃப்ரெண்ட்ஸ் நாலஞ்சு பேருக்கு பாலிசி பார்த்துக் கொடுத்திருக்கேன். இப்ப ஊர்ல இருந்து வேலைக்கு வர்ற பசங்க இங்க கிடைக்கிற பழைய கார்களைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கிடுறாங்க, அவங்களுக்காகத்தான் இதை எழுதுறேன். நான் புரோக்கர் இல்ல, ஒரு தடவை சூடு பட்ட ஆள், அவ்வளவுதான்.

மொதல்ல இந்த ஊர் நிலவரம்

நம்ம ஊர்ல தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் இல்லாம வண்டி ரோட்டுக்கு வரக் கூடாது. சவுத் ஆப்பிரிக்காவுல அப்படி ஒரு சட்டம் இல்ல. பேங்க் லோன் இருந்தா பேங்க் கட்டாயப்படுத்தும், இல்லன்னா உங்க இஷ்டம். பெட்ரோல் போடுறப்ப ஒவ்வொரு லிட்டர்லயும் 2 ராண்டுக்கு மேல ரோட் ஆக்சிடென்ட் ஃபண்டுக்குப் போகுது. நிறைய பேர் இதையே இன்சூரன்ஸ்னு நினைச்சுக்கறாங்க. அந்த ஃபண்ட் மனுஷங்களுக்கு அடிபட்டா மட்டும்தான், வண்டிக்கு ஒரு சல்லிக் காசு வராது. அதனால எவனாவது வந்து இடிச்சா அவன்கிட்ட வாங்கிக்கலாம்னு கணக்குப் போடாதீங்க, பாதி நேரம் அவன்கிட்ட ஒண்ணும் இருக்காது. உங்க காருக்கு உங்க பாலிசிதான்.

உங்க கார் எந்த ரகம்னு முடிவு பண்ணுங்க

இங்க கம்பெனிக்காரங்க காரோட விலையை ஒரு கைடுல பார்ப்பாங்க. பழைய ஆளுங்க அதை இன்னும் மீட் அண்ட் மக்ரூதர்னுதான் சொல்வாங்க, இப்ப ட்ரான்ஸ்யூனியன் நடத்துது. ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு எம் அண்ட் எம் கோட் உண்டு, அந்தக் கோடைப் போட்டா ட்ரேட், ரீடெயில் ரெண்டு விலையும் வந்துடும். டீலர் உங்ககிட்ட வாங்குற விலை ட்ரேட், டீலர் விக்கிற விலை ரீடெயில், ரெண்டுக்கும் நடுவுல இருக்கிறதைத்தான் மார்க்கெட் வேல்யூங்கறாங்க. 2018 போலோவுக்கு இதெல்லாம் சரி. நம்ம ரகம் கார்னா கைடுலயே இருக்காது, இல்ல எப்பவோ போட்ட விலையோட நின்னு போயிருக்கும்.

இந்த ஊர்லயே பிறந்த கார்கள் நிறைய இருக்கு, வேற எங்கயும் கிடைக்காது. பிஎம்டபிள்யூ 333ஐ மொத்தமே 204 தான் பண்ணினாங்க. ஃபோர்ட் சியரா எக்ஸ்ஆர்8 வெறும் 250. செவ்ரோலே ஃபிரென்சா கேன்-ஆம் 100. இந்த மாதிரி காருக்கு எந்த கைடைப் புரட்டி விலை சொல்றது? கடைசியா ஒண்ணு எவ்வளவுக்கு கை மாறிச்சோ அதுதான் விலை. பிஎம்டபிள்யூ 325ஐஎஸ், அதான் டவுன்ஷிப்ல குஷேஷேன்னு கூப்பிடுற பாக்ஸ் ஷேப், ஒரு காலத்துல ஸ்கிராப் யார்டுல கேட்பாரில்லாம கிடந்துச்சு, இன்னைக்கு நல்ல கண்டிஷன்ல ஒண்ணு கேட்டுப் பாருங்க, தலை சுத்தும். இவ்வளவு பெரிசா வேண்டாம், சுத்தமா வச்சிருக்கிற ஒரு டட்சன் 1600 எஸ்எஸ்எஸ் இருந்தாலே நீங்க இந்தக் கணக்குலதான் வர்றீங்க.

புது ஃபெராரி, லம்போர்கினின்னு உம்ஹ்லாங்கா பக்கம் சுத்துறவங்க கதை வேற, அவங்க விலை கைடுல இருக்கும். அவங்க பிரச்சனை பார்ட்ஸ். எல்லாம் யூரோவுல வருது, ராண்ட் விழுந்தா ரிப்பேர் பில் தானா ஏறும். எக்ஸஸ் ஒரு நிலையான தொகையா இல்லாம கிளைம்ல இத்தனை சதவீதம்னு இருந்தா, ஒரு பம்பருக்கே பெரிய பணம் கையில இருந்து போகும், அதை மட்டும் மறக்காம பாருங்க. வெளிநாட்டுல இருந்து இறக்கின செகண்ட் ஹேண்ட் கார்னா ஐடாக் பர்மிட் (இறக்குமதிக்கு அரசாங்கம் கொடுக்கிற அனுமதி), ரெஜிஸ்ட்ரேஷன் பேப்பர் எல்லாத்தையும் கையில வச்சுகிட்டு கம்பெனிகிட்ட பேசுங்க. பேப்பர் இல்லாத காரை எவ்வளவு மலிவா கொடுத்தாலும் தொடாதீங்க.

அக்ரீட் வேல்யூ

இந்தக் கட்டுரையில இது ஒண்ணை மட்டும் படிச்சாலும் போதும். அக்ரீட் வேல்யூன்னா பாலிசி ஆரம்பிக்கிறப்பவே நீங்களும் கம்பெனியும் உக்காந்து இந்தக் காரோட விலை இவ்வளவுன்னு எழுதி வச்சுக்கறது. கார் திருடு போச்சு, எரிஞ்சு போச்சு, ரைட் ஆஃப் ஆச்சுன்னா அந்தத் தொகைதான், எக்ஸஸ் போக. அப்புறம் யாரும் கைடை எடுத்துட்டு வந்து பேரம் பேச முடியாது. எங்க மாமனார் கேஸ்ல மட்டும் இது இருந்திருந்தா கார் ரைட் ஆஃபே ஆகியிருக்காது. ஒன்றரை லட்சம் கார்ல 74,000 ரிப்பேர்னா சாதாரண ரிப்பேர் வேலை, 65,000 கார்ல அதே 74,000னா சாவு. காரும் அதே கார், இடியும் அதே இடி.

இதுல ஒரு ஏமாத்து இருக்கு, கவனமா பாருங்க. போன்ல "நீங்க சொல்ற தொகைக்கே இன்ஷூர் பண்றோம் சார்"ம்பாங்க. நீங்க சொன்ன தொகை ஷெட்யூல்ல (பாலிசியோட வர்ற விவரத் தாள்ல) இருக்கும், அதுக்குத் தகுந்த பிரீமியமும் வாங்குவாங்க, ஆனா உள்ள பாலிசி வார்த்தையில "ஷெட்யூல் தொகை அல்லது சம்பவ நேரத்து மார்க்கெட் வேல்யூ, ரெண்டுல எது குறைவோ அது"ன்னு ஒரு வரி உக்காந்திருக்கும். அது அக்ரீட் வேல்யூவே கிடையாது. "இது அக்ரீட் வேல்யூவா, டோட்டல் லாஸ் ஆனா இந்தத் தொகை அப்படியே வருமா"ன்னு ஈமெயில்ல கேளுங்க, பதிலும் ஈமெயில்லயே வாங்குங்க. போன்ல சொன்னதை மட்டும் நம்பி இருந்துடாதீங்க.

பிரீமியம் குறையுமேன்னு காரை கம்மி விலைக்குப் போடுறதும் தப்பு. சில பாலிசியில ஆவரேஜ்னு ஒரு கண்டிஷன் உண்டு. 3 லட்சம் ராண்ட் காரை 2 லட்சத்துக்குப் போட்டீங்கன்னா, 60,000 ராண்டுக்கு அடிபட்டா 40,000 தான் கொடுப்பாங்க, எக்ஸஸ் வேற கழியும். மூணுல ரெண்டு பங்குக்குத்தான் இன்ஷூர் பண்ணினே, மூணுல ரெண்டு பங்கு வாங்கிக்கோங்கற நியாயம்.

விலையை நிரூபிக்கிறது எப்படி

நீங்க சொல்ற விலையை அவங்க சும்மா ஒத்துக்க மாட்டாங்க, எழுத்துல ஒரு வேல்யூவேஷன் கேட்பாங்க. பழைய கார் தெரிஞ்ச வேல்யூவர்கிட்டதான் போகணும், பக்கத்துத் தெரு டீலர் லெட்டர்ஹெட்ல எழுதிக் கொடுக்கிறது வேலைக்கு ஆகாது. பழைய கார் கிளப்ல சேர்ந்தா வழி ஈசியா கிடைக்கும், கிளப்களுக்கெல்லாம் தலைமையா சாவான்னு ஒரு அமைப்பு இருக்கு. மாரிட்ஸ்பர்க்ல நடக்கிற கார்ஸ் இன் த பார்க்குக்கு ஒரு தடவை போயிட்டு வாங்க, ரெண்டு மணி நேரம் சும்மா சுத்தினாலே யார்கிட்ட எது கேக்கணும்னு தெரிஞ்சிடும். பழைய கார்க்காரங்க மாதிரி வாய் ஓயாத ஆளுங்களை நான் பார்த்ததில்ல.

போட்டோ எடுக்கிறப்ப வெளிய பளபளன்னு இருக்கிறதை மட்டும் எடுக்காதீங்க. சேஸிஸ் நம்பர், இன்ஜின் நம்பர், காருக்கு அடியில, டிக்கி கார்ப்பெட்டைத் தூக்கிட்டு தரை, ஓடோமீட்டர், சீட், டேஷ்போர்டு எல்லாம் எடுங்க. ரிப்பேர் பில், பார்ட்ஸ் பில் ஒண்ணு விடாம ஸ்கேன் பண்ணி மெயில்ல போட்டு வைங்க. மாமனார் நாப்பது வருஷத்து பில்லையும் ஒரு பேக்கரி பிஸ்கட் டப்பாவுல வச்சிருந்தார், பாதியில மை போயி வெறும் மஞ்சள் காகிதமா இருந்துச்சு. வேல்யூவேஷனை ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவையாவது புதுப்பிக்கணும், இந்த ரக கார்களுக்கு விலை ஏறிகிட்டே இருக்கு, அக்ரீட் பண்ணின நம்பர் தானா ஏறாது.

காரை என்னத்துக்கு ஓட்டுறீங்க

கிளாசிக் பாலிசி மலிவா இருக்கக் காரணமே கார் அடிக்கடி வெளிய போகாதுங்கறதுதான். வருஷத்துக்கு இத்தனை கிலோமீட்டர், தினம் வேலைக்கு ஓட்டக் கூடாது, வீட்டுல வேற ஒரு டெய்லி கார் இருக்கணும், இப்படிக் கண்டிஷன் இருக்கும். சொன்னா சொன்னபடி நடந்துக்கணும். டெய்லி கார் சர்வீஸுக்குப் போயிருக்குன்னு ஒரு வாரம் பழைய கார்ல ஆபீஸ் போய், அந்த வாரம் பார்த்து அடிபட்டா கிளைம் போச்சு.

நம்ம ஜனங்களுக்குன்னு ஸ்பெஷலா ஒண்ணு இருக்கு, கல்யாணம். உங்ககிட்ட ஒரு பழைய மெர்சிடிஸ் இருக்குன்னு தெரிஞ்சா போதும், "தம்பி, சனிக்கிழமை பொண்ணை கோயிலுக்கு உங்க கார்லதான் கூட்டிட்டுப் போகணும், ரிப்பன் நாங்களே கட்டிக்கிறோம்"னு ஒரு அத்தை போன் பண்ணிடுவாங்க. போறதுல தப்பில்ல. ஆனா திரும்பி வர்றப்ப கையில 800 ராண்டை ஒரு கவர்ல வச்சுத் திணிப்பாங்க பாருங்க, அங்கதான் சிக்கல். காசு வாங்கினா அது வாடகை, வாடகைக்கு ஓட்டினா பிரைவேட் யூஸ் பாலிசி செல்லாது. பெட்ரோல் காசுன்னு சொன்னாலும் அசெஸர் (சேதத்தைப் பார்க்க கம்பெனி அனுப்புற ஆள்) அப்படி எடுத்துக்குவார்னு நம்ப முடியாது. நான் இப்ப ஸ்வீட் பாக்ஸ் மட்டும்தான் வாங்குறேன். நிஜமாவே கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுறதா இருந்தா அதை முன்னாடியே சொல்லி அதுக்கு உண்டான கவர் எடுங்க, பிரீமியம் கொஞ்சம் ஏறும், ஏறிட்டுப் போகட்டும்.

ஓட்டப் போறது யாருங்கறதும் முக்கியம். சில பாலிசியில பேர் போட்ட டிரைவர் மட்டும்தான். 25 வயசுக்குக் கீழ உள்ள பையன் ஓட்டினா எக்ஸஸ் எகிறும், இல்ல கவரே இருக்காது. மச்சான் பையன் ஒரு ரவுண்டு கேட்டா பாலிசியைக் காட்டி இல்லன்னு சொல்லிடுங்க, அவன் கோவம் ரெண்டு நாள்ல போயிடும். ட்ராக் டே, ரேஸ், டைமிங் வச்சு ஓட்டுறது எதுவும் சாதாரண பாலிசியில கிடையாது.

மாத்தினதையெல்லாம் சொல்லுங்க

மேக் வீல் (அலாய் வீல்), லோயர் சஸ்பென்ஷன், ஸ்டீரியோ, எக்ஸாஸ்ட், எது மாத்தியிருந்தாலும் லிஸ்ட் போட்டு, விலை போட்டு, ஷெட்யூல்ல ஏத்துங்க. இன்ஜின் மாத்தியிருந்தா இன்னும் சீரியஸ். பழைய டட்சன் பாக்கியில பெரிய இன்ஜின் தூக்கி வைக்கிறது இந்த ஊர்ல ஒரு பழக்கம். புது இன்ஜின் நம்பருக்கு போலீஸ் கிளியரன்ஸ் வாங்கி நேடிஸ்ல, அதான் அரசாங்க வண்டிப் பதிவு சிஸ்டத்துல, மாத்தணும். அது இல்லாம கிளைம் போட்டா அசெஸர் வந்து பானெட்டைத் தூக்கி நம்பரைப் பார்ப்பார், அவ்வளவுதான் கதை.

டயரையும் சொல்லிடுறேன். பழைய கார்ல ட்ரெட் நல்லா இருக்கும், ஓடாம நின்னே ரப்பர் வெடிச்சிருக்கும். சட்டப்படி 1 மில்லிமீட்டர் ட்ரெட் இருந்தா போதும், ஆனா பக்கவாட்டுல வெடிப்பு இருந்தா ரோட்வொர்த்தி இல்லன்னு அசெஸர் எழுத அது ஒரு சாக்கு.

ட்ராக்கர், பேட்டரி, கராஜ்

இதுல ஒரு விஷயம் யாருமே சொல்லித் தர்றதில்ல. ட்ராக்கர் (கார் எங்க இருக்குன்னு சிக்னல் அனுப்புற கருவி) போட்டே ஆகணும்னு பாலிசியில இருக்கும், போட்டுடுவீங்க. ட்ராக்கர் ராத்திரி பகலா கொஞ்சம் கொஞ்சமா கரண்ட் எடுத்துகிட்டே இருக்கும். தினம் ஓடுற கார்ல தெரியாது. மாசம் ஒரு தடவை எடுக்கிற கார்ல மூணு நாலு வாரத்துல பேட்டரி செத்துடும், அப்புறம் ட்ராக்கருக்குள்ள இருக்கிற சின்ன பேட்டரியும் செத்துடும், நீங்க மாசா மாசம் சந்தா கட்டிகிட்டே இருப்பீங்க ஆனா அங்க சிக்னல் இருக்காது. அதை விட மோசம், பேட்டரி காலியாகக் கூடாதுன்னு நாமளே ஒரு கட்-ஆஃப் சுவிட்ச் வச்சு நிறுத்திட்டு நிம்மதியா தூங்குவோம். அந்த சுவிட்சைத் திருகினா ட்ராக்கரும் சேர்ந்துதான் அணையும். கார் திருடு போன அன்னைக்கு ட்ராக்கர் வேலை செய்யலைன்னு ரெக்கார்டு காட்டிட்டா கிளைம் அவுட். ட்ரிக்கிள் சார்ஜர் (நிக்கிற காரோட பேட்டரியை மெதுவா சார்ஜ் பண்ணிட்டே இருக்கிறது) வைங்க, லோட் ஷெட்டிங் வந்த நாளெல்லாம் அது திரும்ப வேலை செய்யுதான்னு பாருங்க, மாசம் ஒரு தடவை ட்ராக்கர் கம்பெனிக்கு போன் போட்டு டெஸ்ட் பண்ணி ரெஃபரன்ஸ் நம்பரை எழுதி வைங்க. எங்க வீட்டுல கராஜ் கதவுக்குப் பின்னாடி ஒரு காலண்டர் தொங்குது, அதுலதான் எழுதுறேன்.

பூட்டின கராஜ்லதான் நிக்கணும்னு இருந்தா கராஜ்லதான் நிக்கணும், கார்போர்ட், அதாவது சுவர் இல்லாம கூரை மட்டும் போட்டது, கராஜ் ஆகாது. அப்புறம் துரு. பிளஃப், மெரேபேங்க், இசிபிங்கோ பக்கம் இருக்கிறவங்களுக்குத் தெரியும், கடல் காத்து காரைத் தின்னுடும். துரு, தேய்மானம், எலி கடிச்ச வயர் இதெல்லாம் பெரும்பாலும் எந்த பாலிசியும் கொடுக்காது. அது உங்க செலவு.

வெள்ளம், கலவரம்

அடிக்கடி ஓட்டலையே, எதுக்கு காம்ப்ரஹென்சிவ் (எல்லா சேதத்துக்கும் சேர்த்த முழு கவர்), தேர்ட் பார்ட்டி ஃபயர் அண்ட் தெஃப்ட் (அடுத்தவங்க சேதம், தீ, திருட்டு மட்டும்) போதும்னு சிலர் இறக்கிடுவாங்க. 2022 ஏப்ரல் வெள்ளத்துல நின்ன இடத்துலயே மூழ்கின கார்களை நினைச்சுப் பாருங்க. 2024 ஜூன்ல டோங்காட்ல டொர்னாடோ வந்தப்ப கூரையே பறந்துச்சு. தேர்ட் பார்ட்டி ஃபயர் அண்ட் தெஃப்ட்ல தண்ணியும் காத்தும் வராது. ரெஸ்டோர் பண்ணிட்டிருக்கீங்க, கார் ரோட்டுக்கே வராதுன்னா லெய்ட்-அப் கவர்னு கேளுங்க, கராஜுக்குள்ள நிக்கிற காருக்கு மட்டும், மலிவா இருக்கும், ஆனா ரோட்டுல ஒரு அடி வச்சாலும் கவர் இல்ல.

கலவரத்துக்கு சாஸ்ரியாங்கற அரசாங்க இன்சூரன்ஸ் கம்பெனி. 1979ல ஆரம்பிச்சது, கலவரம், ஸ்ட்ரைக் சேதத்துக்கு இந்த ஊர்ல அது ஒண்ணுதான், சாதாரண கம்பெனி அதைக் கொடுக்காது, உங்க பாலிசி வழியா சின்னதா ஒரு தொகை வாங்கி அங்க அனுப்புவாங்க. 2021 ஜூலையில இங்கயும் ஜோஹன்னஸ்பர்க் இருக்கிற கவுடெங்லயும் நடந்தது ஞாபகம் இருக்கும், அதுல 3,000 கோடி ராண்டுக்கு மேல கிளைம் வந்துச்சு. ஷெட்யூல்ல சாஸ்ரியான்னு தனி வரி இருக்கான்னு பாருங்க. இல்லன்னா கேட்டு ஏத்துங்க.

அடிபட்ட அன்னைக்கு

ஆக்சிடென்ட் ஆன அஞ்சாவது நிமிஷம் மூணு டோ ட்ரக் வந்து நிக்கும், உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு கேட்டா சிரிப்பாங்க. எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க. இன்சூரன்ஸ் கம்பெனி டோ நம்பரை போன்ல சேவ் பண்ணி வைங்க, ஃப்ளாட்பெட்தான் வேணும்னு சொல்லுங்க, பழைய காரை முன் சக்கரத்தைத் தூக்கி இழுத்துட்டுப் போனா இன்னொரு ரிப்பேர் வரும். 24 மணி நேரத்துக்குள்ள போலீஸ்ல ரிப்போர்ட் பண்ணி நம்பர் வாங்கிடுங்க.

பாலிசி எடுக்கிறப்பவே ரெண்டு கேள்வி கேட்டு வைங்க. ஒண்ணு, பேனல் பீட்டரை நான் தேர்ந்தெடுக்கலாமா? அவங்க லிஸ்ட்ல இருக்கிற ஆளுக்கு புது கார் பம்பர் மாட்டத்தான் தெரியும், க்ரோம் வேலையும் ஈய வேலையும் தெரிஞ்ச கிழவன் ஜேக்கப்ஸ் ஏரியாவுல ஏதாவது சந்துல இருப்பார். ரெண்டு, ரைட் ஆஃப் ஆனா காரை நானே திரும்ப வாங்கிக்கலாமா? நாங்க வாங்கினோம், 57,500ல இருந்து சால்வேஜுக்கு, அதாவது அடிபட்ட காரோட விலைக்கு, 9,000 பிடிச்சுகிட்டாங்க. ஆனா நேடிஸ்ல கோட் 2ல (சாதாரண பழைய கார்) இருந்து கோட் 3 ஆயிடுச்சு, அதாவது ரைட் ஆஃப் ஆகி திரும்பக் கட்டின கார். அந்த முத்திரை போகாது. புது பாலிசியில அக்ரீட் வேல்யூ பேசுறப்ப அதுக்காகவே ஒரு தொகை குறைச்சாங்க.

கிளைமை ரிஜெக்ட் பண்ணினா கத்திட்டு விட்டுடாதீங்க. காரணத்தை எழுத்துல கேளுங்க, கம்பெனிகிட்டயே மறுபடி முறையிட 90 நாள் இருக்கு. அதுலயும் சரியாகலைன்னா நேஷனல் ஃபைனான்ஷியல் ஓம்பட்கிட்ட போங்க, இந்த மாதிரி புகாரை விசாரிக்கிற ஆபீஸ், 2024 மார்ச்ல பழைய நாலு ஓம்பட் ஆபீஸ் ஒண்ணா சேர்ந்தது, காசு கிடையாது. நாங்க அன்னைக்கு கோவத்துல போன்லயே சண்டை போட்டு, அவங்க அனுப்பின பேப்பர்ல கையெழுத்தும் போட்டுட்டோம். அந்தக் கையெழுத்துதான் எங்க தப்பு.

யார்கிட்ட வாங்குறது

டெய்லி கார் விக்கிற கால் சென்டர்ல இதைக் கேட்டா எதிர்ல இருக்கிற பொண்ணுக்கே புரியாது, அவங்க ஸ்க்ரீன்ல அந்த கட்டமே இருக்காது. கிளாசிக் கார் தனியா பார்க்கிற புரோக்கர்கிட்ட போங்க. அவர்கிட்ட எஃப்எஸ்பி நம்பர் (லைசென்ஸ் நம்பர்) கேளுங்க, இவங்களைக் கண்காணிக்கிற எஃப்எஸ்சிஏ வெப்சைட்ல போட்டுப் பார்க்கலாம். குறைஞ்சது மூணு கொட்டேஷன் வாங்குங்க, ஆனா மூணுலயும் அக்ரீட் வேல்யூ, எக்ஸஸ், கிலோமீட்டர் லிமிட் ஒண்ணா இருக்கணும், இல்லன்னா பிரீமியத்தை ஒப்பிடுறதுல அர்த்தமே இல்ல. பேங்க்ல இருந்து மாசா மாசம் பிரீமியம் பிடிக்கிற டெபிட் ஆர்டர் பணம் இல்லாம திரும்பிப் போகாம பார்த்துக்கோங்க.

ஷெட்யூல் கைக்கு வந்ததும் காரை ஸ்டார்ட் பண்ணாதீங்க, பேப்பரை எடுத்துட்டு கராஜுக்குப் போங்க. சேஸிஸ் நம்பரை பிளேட்டைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தா ஒத்துப் பாருங்க. எங்களோட புது பாலிசியில 1983க்கு பதிலா 1993னு அடிச்சிருந்தாங்க. மாமனார்தான் கண்டுபிடிச்சார், கண்ணாடியை நெத்தியில ஏத்தி விட்டுகிட்டு, "இந்த மாடலை 93ல யார்யா பண்ணினது"ன்னு. அப்பவே மெயில் போட்டோம், திருத்தின ஷெட்யூல் வர மூணு நாள் ஆச்சு, அது வர்ற வரைக்கும் அவர் சாவியை வேட்டி மடிப்புலயே வச்சிருந்தார்.